தந்தி வாத்தியமும் ட்ரம்ஸும் ஒரே மேடையில்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் "கலப்பிசை பற்றிக் கேளுங்கள்" என்று ஒரு வரி போட்டிருந்தோம். ரெயூனியன் தீவின் நாலா பக்கத்திலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன, மொரீஷியஸிலிருந்தும் வந்திருக்கின்றன. தமிழ் இப்போதுதான் கற்று வருகிறேன் என்று தயங்கித் தயங்கி எழுதிய பிள்ளைகளுக்குத் தனியாக நன்றி, கூர்மையான கேள்விகள் உங்களிடமிருந்துதான் வந்தன. ஊத், வீணை, மாண்டலின் போன்ற தந்தி வாத்தியங்களில் ஜாஸையும் ராக்கையும் சேர்த்து வாசிப்பவர்கள் பற்றிய கேள்விகளை மட்டும் இந்தத் தடவை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: சேன்-தெனியில் ஒரு கச்சேரிக்குப் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் அரைப் பூசணிக்காய் மாதிரி ஒரு வாத்தியத்தை மடியில் அணைத்து வாசித்தார், பக்கத்தில் சாக்ஸபோன், பின்னால் ட்ரம்ஸ். அது என்ன வாத்தியம்? அது ஜாஸா, அரபு இசையா? மதுரை சோமுவைத் தாண்டி நான் அதிகம் கேட்டதில்லை. (காரைக்காலில் பிறந்த வாசகர், சேன்-தெனி)

பதில்: ஐயா, நீங்கள் பார்த்தது ஊத். அரபு நாடுகள், துருக்கி, ஆர்மீனியா என்று பல ஊர்களில் புழங்குகிற வாத்தியம். ஐரோப்பாவின் லூட் இதன் வழி வந்ததுதான், ஸ்பெயினில் அரபு ஆட்சி நடந்த நூற்றாண்டுகளில் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மெல்லிய மரப்பட்டிகளை வளைத்து ஒட்டிய குடம், குட்டைக் கழுத்து, பின்பக்கமாக மடங்கிய தலை. பெரும்பாலும் 11 தந்திகள் இருக்கும்: ஐந்து ஜோடி, அடிச்சுருதிக்குத் தனியாக ஒன்று. ரிஷா என்கிற நீளமான மீட்டியால் வாசிப்பார்கள், முன்பு கழுகு இறகின் காம்பு, இப்போது பிளாஸ்டிக்.

ஜாஸா அரபு இசையா என்று பிரித்துச் சொல்லத் தேவையில்லாத ஒரு வழி உருவாகி அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜாஸ் பியானோக்காரர் தெலோனியஸ் மங்க்கோடு பேஸ் வாசித்த அகமது அப்துல்-மாலிக் 1958-இல் 'ஜாஸ் சஹாரா' என்ற இசைத்தட்டில் ஊத்தையும் ஜானி கிரிஃபினின் சாக்ஸபோனையும் ஒன்றாக உட்கார வைத்தார். அதில் இரண்டு இசையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கின்றன, இன்னும் ஒரே வீட்டுக்குள் வரவில்லை என்பது என் அபிப்பிராயம். உள்ளே கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ராபி அபு-கலீல். 1957-இல் பெய்ரூட்டில் பிறந்தவர், உள்நாட்டுப் போர் நடந்தபோது 1978-இல் ஜெர்மனிக்குப் போனார், மியூனிக்கில் மேற்கத்தியப் புல்லாங்குழல் படித்தார், ஆனால் கையை விட்டு ஊத்தை இறக்கவில்லை.

அவருடைய 'ப்ளூ கேமல்' என்கிற 1992 இசைத்தட்டிலிருந்து நீங்கள் ஆரம்பியுங்கள். காரணம் இருக்கிறது. அதில் தென்னிந்தியத் தாள வாத்தியங்கள் வாசிப்பவர் ரமேஷ் ஷோதம், சென்னைக்காரர், எழுபதுகளில் ராக் குழுவில் ட்ரம்ஸ் வாசித்தவர், அப்புறம் தவில், கடம், கஞ்சிராவெல்லாம் முறையாகக் கற்று ஜெர்மனியில் குடியேறியவர். சாக்ஸபோன் வாசிக்கும் சார்லி மரியானோ பாஸ்டனில் பிறந்த அமெரிக்கர், அவர் நாகஸ்வரம் கற்றவர் என்பது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். சோமுவின் பாட்டில் ஒரு சங்கதி எங்கே போய்த் திரும்பும் என்று காத்திருந்து கேட்ட காது உங்களுடையது. மரியானோ ஒரு ஸ்வரத்தை நெளித்து இழுத்து விடுகிற இடத்தில் அது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குப் பட்டென்று பிடிபட்டுவிடும்.

கேள்வி: ஊத்தில் மெட்டு (தந்தியை அழுத்துகிற குறுக்குக் கட்டை) கிடையாது என்கிறார்கள். அப்படியென்றால் சுருதி எப்படிச் சேரும்? (மாணவி, லெ தம்போன்)

பதில்: வயலினில் எப்படிச் சேருகிறதோ அப்படித்தான், விரலும் காதும் பழகிச் சேருகிறது. நம் கோட்டுவாத்தியத்திலும் மெட்டு இல்லையே. இந்த வழவழப்பான பலகையால்தான் அரபு மகாம்களில் (நம் ராகம் மாதிரி) வருகிற, பியானோவின் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவே நிற்கிற ஸ்வரங்களை ஊத் பிடிக்கிறது. பியானோவோடு சேரும்போது அந்த ஸ்வரங்களைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் உரசும்.

கேள்வி: அக்கா, நான் ஒரு ராக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். பக்கத்து வீட்டுத் தங்கச்சி வீணை கற்கிறாள். அவளையும் சேர்த்து நம் தீவின் மலோயா இசைத் தாளத்தில் ஒரு பாட்டு செய்து பார்த்தோம். ஒத்திகையில் வீணை காதிலேயே விழவில்லை. மைக் வைத்துக் கூட்டினால் "கூ" என்று கத்துகிறது. விட்டுவிடலாமா? (இளைஞர், சேன்-ஆந்த்ரே)

பதில்: விடாதீர்கள் தம்பி. இந்த வகை இசையின் நிஜமான பிரச்சினையே இதுதான், இதைத் தீர்த்தவர்கள்தான் நல்ல இசை செய்தார்கள். கிழக்கும் மேற்கும் கலப்பது, மரபும் புதுமையும் என்றெல்லாம் பெரிதாகப் பேசுகிறோம், மேடையில் முதலில் வருகிற கேள்வி யார் சத்தம் யாரை மூழ்கடிக்கிறது என்பதுதான்.

வீணை, ஊத் எல்லாம் மீட்டிய நொடியில் தெளிவாகப் பேசிவிட்டு உடனே மங்க ஆரம்பிக்கிற வாத்தியங்கள். நம் காது அவற்றை அடையாளம் காண்பது அந்த முதல் "ட்ண்" சத்தத்தால். அந்தச் சத்தத்தின் உயிர் மேல்ஸ்தாயி அலைகளில் இருக்கிறது, ட்ரம்ஸின் சிம்பல் வந்து உட்காருவதும் அதே இடம். மலோயாவில் குலுக்குகிற கயாம்பும் அதே இடம்தான், அதன் விதைச் சத்தம் ஒரு திரை போல அந்த மேல் அலைகளை மூடிவிடும். அதனால் நீங்கள் வீணையின் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் குடத்தின் முழக்கம்தான் பெருகும், தெளிவு வராது.

டுனீசியாவின் அனுவார் பிராஹெம் என்ன செய்தார் பாருங்கள். 1998-இல் வந்த 'திமார்' இசைத்தட்டில் ஊத், ஜான் சர்மனின் சாக்ஸபோனும் பாஸ் கிளாரினெட்டும், டேவ் ஹாலண்டின் பேஸ், அவ்வளவுதான். ட்ரம்ஸே இல்லை. தாளத்தைப் பேஸ் சுமக்கிறது, ஊத் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. பிறகு 2017-இல் 'ப்ளூ மகாம்ஸ்' செய்தபோது ட்ரம்ஸைச் சேர்த்தார், ஆனால் ஜாக் டிஜானெட் வாசித்தார். மைல்ஸ் டேவிஸோடு இடி மாதிரி வாசித்த மனிதர் அங்கே சிம்பலைத் தொட்டும் தொடாமலும் போகிறார், அதைக் கேட்டால் உங்கள் ட்ரம்மர் புரிந்துகொள்வார். அபு-கலீலின் வழி வேறு: ட்ரம்ஸ் செட்டுக்குப் பதில் பெரும்பாலும் நபீல் கையாத்தின் சட்டப்பறைகள் (வளையச் சட்டத்தில் தோல் கட்டியவை), கீழே தொம் என்று விழும், மேலே ஊத்துக்கு வழி விடும்.

உங்களிடம் ரூலேர் என்கிற மலோயா முரசு இருக்கிறதே, அதைவிட என்ன வேண்டும்? பாட்டின் முதல் பாதியில் ரூலேரும் உங்கள் பேஸும் மட்டும் தாளத்தைத் தாங்கட்டும், வீணை நிறுத்துகிற இடங்களில் கயாம்பு நுழையட்டும். மலோயா ஆறு எண்ணிக்கையில் போகிறது, அந்தத் தங்கச்சிக்கு அது திஸ்ரம், கை தானாக வரும். சுருதி விஷயத்தில் நீங்கள்தான் இறங்கிப் போக வேண்டும். வீணையின் தந்தியை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்க முடியாது, பேஸ் கிட்டாரை அவள் ஷட்ஜத்துக்குச் சேர்ப்பது ஒரு நிமிஷ வேலை. கிட்டார்காரர் நாலு கார்டு (ஸ்வரக்கூட்டு) மாற்றுகிற பழக்கத்தை இந்த ஒரு பாட்டுக்காவது விட்டு, ஒரே ஆதார சுருதியில் நிற்கட்டும்.

அந்த "கூ" சத்தத்துக்கு வருவோம். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி வீணைக் குடத்தை அதிர வைக்கிறது, அந்த அதிர்வை மைக் மறுபடி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது, வட்டமாகச் சுற்றிப் பெருகுகிறது. நிற்கிற மைக்குக்குப் பதில் குதிரை (தந்திகளைத் தாங்குகிற பாலம்) பக்கத்தில் ஒட்டுகிற, அதிர்வை நேராகப் பிடிக்கிற பியசோ பிக்கப் வையுங்கள், மிக்ஸரில் கீழ் அலைகளைக் குறையுங்கள் (அந்த இடம் உங்கள் பேஸுக்குச் சொந்தம்), வீணைக்கு எதிரே மானிட்டர் ஸ்பீக்கர் வைக்காதீர்கள். இவ்வளவும் செய்து, பாட்டு எப்படி வந்தது என்று கட்டாயம் எழுதுங்கள்.

கேள்வி: சாமி பாட்டை எடுத்து ட்ரம்ஸ் அடித்து ராக் ஆக்குவது மரபைக் கெடுக்கிற வேலை. இதழில் இதற்கு இடம் கொடுப்பது வருத்தமாக இருக்கிறது. இந்தத் தீவில் நம் முன்னோர் எவ்வளவு கஷ்டப்பட்டு எதையெல்லாம் காப்பாற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? (கோவில் நிர்வாகத்தில் உள்ள பெரியவர், சேன்-பியேர்)

பதில்: ஐயா, உங்கள் கோபத்தில் இருக்கிற அக்கறையை மதிக்கிறேன். கரும்புத் தோட்டத்தில் பகல் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரவெல்லாம் நாடகம் நடத்தி, வாத்தியார் சொல்லச் சொல்லப் பாட்டை மனப்பாடம் செய்து, எழுத்துத் தெரியாத தலைமுறைகளிலும் கதையை விடாமல் வைத்திருந்தவர்கள் நம் ஆட்கள். அந்த நாடகம் 'பால் தமூல்' என்று பெயர் மாறி, வாத்தியார் 'வர்த்தியால்' ஆன பிறகும் அந்தத் தாளமும் மத்தளமும் போகவில்லை. அதைத் தொட்டு விளையாடுகிறவர்கள் மேல் கோபம் வருவது நியாயம்.

ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன். கணினியில் தயாரித்த தம்புரா ஒலியைப் பின்னால் ஓடவிட்டு, நடுவே நாலு தடவை சித்தாரைச் சிணுங்கவிட்டு அதைக் கலப்பிசை என்று விற்கிறார்களே, எனக்கும் அது வேண்டாம். அதில் யாரும் எதையும் கற்கவில்லை, யாருக்காகவும் எதையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

ஆனால் ஐயா, வயலின் இல்லாமல் ஒரு கர்னாடகக் கச்சேரியை இன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியுமா? அது ஐரோப்பிய வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னைப் பக்கம் மணலியில் இருந்த காலத்தில், ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியக்காரர்களிடமிருந்து கற்றுத்தான் அதை நம் இசைக்குள் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதை இன்னும் உறுதியாக நிலைநிறுத்தினார். சாக்ஸபோனைக் கத்ரி கோபால்நாத் கொண்டுவந்தபோதும், மாண்டலினைச் சிறுவனாக இருந்த உ. ஸ்ரீநிவாஸ் எடுத்தபோதும் எதிர்ப்பு இருந்தது. அவர்கள் கல்யாணியும் தோடியும் வாசித்துக் காட்டினார்கள், சபைகள் ஏற்றுக்கொண்டன. வாத்தியத்துக்கு வேண்டியதை வாசிப்பவர் முழுசாகக் கற்றாரா என்று மட்டும் நான் பார்க்கிறேன். கற்றிருந்தால் ட்ரம்ஸ் பக்கத்தில் இருப்பதால் ராகம் கெட்டுப்போவதில்லை. கோவிலுக்குள் என்ன வாசிக்கலாம் என்பது வேறு விஷயம், அதை நீங்களும் ஊராரும் முடிவு செய்வதுதான் முறை.

கேள்வி: எங்கள் அப்பா அலேன் பெத்தேர்ஸ் பாட்டை எப்போதும் போடுவார். பழைய படங்களில் அவர் கையில் ஒரு வித்தியாசமான வாத்தியம் இருக்கிறது, கிட்டாரும் இல்லை, பாஞ்ஜோவும் இல்லை. அது என்ன? அவரும் நீங்கள் சொல்கிற கலப்பிசைக்காரரா? (தமிழ் கற்கும் மாணவி, சேன்-போல்)

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன் அம்மா. லெபனானுக்கும் டுனீசியாவுக்கும் போய்த் தேடுகிற நாம் நம் தீவிலேயே இருந்தவரை மறந்துவிடுகிறோம்.

அந்த வாத்தியத்தை இங்கே தகம்பா என்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் ங்கோனி குடும்பத்தைச் சேர்ந்தது: குடைந்த மரத்தின் மேல் தோல் இழுத்துக் கட்டியிருக்கும், நீண்ட தண்டு, சில தந்திகள்தான். மாலி, நைஜர் பக்கத்துப் பாணர் பரம்பரைகளின் கையில் நூற்றாண்டுகளாக இருப்பது. நீ பாஞ்ஜோவை நினைத்தது சரியான திசைதான், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களின் இந்த மாதிரித் தோல் வாத்தியங்களிலிருந்துதான் பாஞ்ஜோ பிறந்தது.

பெத்தேர்ஸ் 1952-இல் சேன்-தெனியில் பிறந்தார். பதிமூன்று வயதில் ஜூல் அர்லாந்தாவின் இசைக்குழுவில் சேர்ந்து கல்யாணம், நடனம் என்று செகா என்கிற தீவு நடன இசை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். எழுபதுகளில் ராக். பேஸ் கிட்டாரில் கெட்டிக்காரர், கமெலியோன், கரூசெல் போன்ற குழுக்களில் இருந்தார். அந்த இளைஞர்கள் ராக்கையும் ஜாஸையும் செகாவையும் மலோயாவையும் ஒரே அறையில் போட்டு, எது எதோடு சேருகிறது என்று இரவு பகலாகத் தேடினார்கள். மலோயா அப்போது வானொலியில் சுலபமாகக் கேட்கிற இசை கிடையாது. அதை அரசாங்கம் சந்தேகத்தோடு பார்த்த காலம், 1981-க்குப் பிறகுதான் அது தாராளமாக வெளியே வந்தது. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பெருமையை இன்றைக்கு எல்லோரும் சொல்கிறோம், அதற்கு முப்பது வருஷம் முன்பே அதன் அருமை தெரிந்து வாசித்தவர்களில் அவர் ஒருவர்.

தகம்பாவை எடுத்தபோது அவர் மாலிப் பாணர் மாதிரி வாசிக்க முயலவில்லை. பேஸ் வாசித்த கை அது. சின்னதாக ஒரு வரிசையைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டு, அதன் மேல் தீவின் கிரியோல் மொழியில் பாடுவார். தோலின் மேல் விழுகிற தந்தியொலி மரக்கட்டையைத் தட்டியது போலக் குறுகி நிற்கிறது, நீட்டி இழுக்காது, அதனால் குரலுக்கும் வார்த்தைக்கும் நிறைய இடம் இருக்கிறது. சேன்-ஆந்த்ரே தம்பிக்கு மேலே சொன்னேனே, அந்தப் பாடத்தை இவர் இங்கேயே செய்து காட்டிவிட்டார். 1984-இல் புத்தகத்தோடு ஒரு கேசட் வந்தது, 'மான்ஜே பூர் லெ கேர்'. குடியும் வறுமையும் அவரை வாட்டின, 1995-இல் 43 வயதில் போய்விட்டார். 1998-இல் பதிவுகளைத் திரட்டி சிடியாக வெளியிட்டபோது, வெளியிட்ட நிறுவனத்தின் பெயரே தகம்பா. நம் தீவின் சக்கிஃபோ இசை விழாவில் அவர் பெயரில் இளம் கலைஞர்களுக்குப் பரிசும் இருக்கிறது.

அவரோடு அந்தக் காலத்தில் வாசித்த லோய் எர்லிக்கையும் தேடிக் கேள். எழுபதுகளில் ரெயூனியனில் வாழ்ந்து வாசித்த அவர், பிறகு மொராக்கோவின் க்னாவா மக்களுடைய கெம்ப்ரியை எடுத்துக்கொண்டார். மூன்றே தந்தி, ஒட்டகத் தோல், ஆழமான அடிக்குரல், லூட் குடும்பத்தில் பேஸ் வேலை பார்க்கிற வாத்தியம் அது. காங் என்ற ராக் குழுவில் இருந்த திதியே மலேர்ப் ஆர்மீனியாவின் துதுக் குழல் ஊத, ஸ்டீவ் ஷேஹான் தாளம் வாசிக்க, ஹதூக் என்று மூவர் குழு நடத்தினார்கள். யாரும் யாரையும் முந்தாத இசை. உன் அப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டு.

கேள்வி: என் மகன் சிறு வயதிலிருந்து வீணை கற்கிறான். இப்போது ஜான் மெக்லாக்லினின் சக்தி குழுவைக் கேட்டுவிட்டு, வீணை வேண்டாம், எலெக்ட்ரிக் கிட்டார்தான் என்கிறான். இத்தனை வருஷப் படிப்பும் வீணாகிவிடுமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. (ஒரு தாய், ரோஸ் ஹில், மொரீஷியஸ்)

பதில்: அம்மா, அவன் கேட்டது சரியான ஆளைத்தான். மெக்லாக்லின் எழுபதுகளின் தொடக்கத்தில் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா நடத்தி ஜாஸ்-ராக்கின் உச்சத்தில் இருந்தபோது, அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் மாணவராக உட்கார்ந்து வீணை கற்றார். உலகம் கொண்டாடிய கிட்டார்காரர் வீணைக்குத் தேடி வந்திருக்கிறார், உங்கள் மகனுக்கு அது கையிலேயே இருக்கிறது. இதை அவனிடம் சொல்லுங்கள், ஆனால் திட்டாமல் சொல்லுங்கள்.

அப்புறம் அவர் செய்ததைப் பாருங்கள். வீணையில் இரண்டு மெட்டுக்கு நடுவே தந்தியை அழுத்தி இழுத்தால் கமகம் பிறக்கிறது. சாதாரண கிட்டாரில் கீழே பலகை தடுக்கும், அவ்வளவு இழுக்க வராது. அதனால் ஏப் வெக்டர் என்ற கைவினைஞரிடம், கட்டைகளுக்கு நடுவே மரத்தைக் குழித்து, குறுக்கே ஏழு சுருதித் தந்திகள் பூட்டிய கிட்டார் ஒன்றைச் செய்து வாங்கினார். வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், நடுவே அந்தக் கிட்டார்: 1975-இல் அப்படித்தான் சக்தி மேடையேறியது. பல வருஷம் கழித்து மறுபடி கூடியபோது மாண்டலினோடு உ. ஸ்ரீநிவாஸ் வந்தார். மேற்கத்திய மாண்டலினில் நாலு ஜோடி, எட்டுத் தந்தி இருக்கும். அவர் ஒற்றைத் தந்தி ஐந்தாக மாற்றி மின்சார வாத்தியமாக வைத்துக்கொண்டார், அதனால்தான் அந்த இழைவு. 2014-இல் 45 வயதில் அவர் மறைந்ததை நினைத்தால் இன்னும் நெஞ்சு கனக்கிறது.

கிட்டார் வாங்கிக் கொடுங்கள். வீணையையும் வாரத்தில் சில நாளாவது எடுக்க வேண்டும் என்று ஒரு பேச்சு வைத்துக்கொள்ளுங்கள். கிட்டாரிலேயே கர்னாடக இசையும் ஜாஸும் வாசிக்கிற ஆர். பிரசன்னாவைக் கேட்கச் சொல்லுங்கள். மோகாவில் மகாத்மா காந்தி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது, ஆசிரியருக்குப் பஞ்சமில்லாத ஊர் உங்களுடையது.

கேள்வி: பாட்டில் வார்த்தையே இல்லை, பத்து நிமிஷம் போகிறது. எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது? (வாசகி, சேன்-லூயி)

பதில்: தாளத்தைப் பிடியுங்கள் அம்மா. அரபு, துருக்கி இசையில் சமாயி என்று பத்து எண்ணிக்கைத் தாளம் ஒன்று உண்டு, ஊத்காரர்கள் ஜாஸுக்குள்ளும் அதைக் கொண்டுவருவார்கள். மூன்று, இரண்டு, இரண்டு, மூன்று என்று பிரியும். நம் வழக்கில் சொன்னால் தகிட, தக, திமி, தகிட. வாயால் சொல்லிக்கொண்டே, மூன்றுக்கு ஒரு தட்டு, இரண்டுக்கு ஒரு தட்டு என்று தொடையில் போட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் பேஸ் எங்கே விழுகிறது, ஊத் எங்கே வேண்டுமென்றே தள்ளி எடுக்கிறது என்பது தெரிந்துவிடும். கண்ட சாப்பு பழகியவர்களுக்கு இரட்டிப்பு சுலபம், அதுவும் ஐந்தைந்தாகப் பத்தில் வந்து கூடும். முதல் தடவை பேஸ் கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த தடவை ஊத்தை. இரண்டும் சந்திக்கிற இடம் தானாகக் காதில் நிற்கும்.

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து மகளுக்கு வீணை வரவழைத்தோம். மழைக்காலம் வந்தால் மெட்டு அசைகிறது, பிரடை (தந்தியை முறுக்குகிற குச்சி) இறுகிக்கொள்கிறது. இந்தத் தீவுக்கு இது ஒத்து வராதா? (ஒரு தந்தை, சேன்-பெனுவா)

பதில்: ஒத்து வரும், ஆனால் நீங்கள் இருப்பது கிழக்குக் கரை, மழைக்குப் பேர்போன பக்கம், கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். வீணையின் 24 மெட்டும் மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் மெழுகு இளகி மெட்டு நகரும், அதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். மழையில் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும், அதனால்தான் பிரடை இறுகுகிறது. கட்டாயப்படுத்தித் திருகாதீர்கள், மெதுவாக வெளியே இழுத்துத் திரும்பப் பொருத்துங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களும் ஈரமானி ஒன்றும் வையுங்கள், ஐம்பது சதவீதத்தை ஒட்டி நின்றால் நல்லது. புயல் எச்சரிக்கை வந்தால் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி, தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். ஏ.சி. அறைக்கும் வெளிக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோவது நிரந்தர ஈரத்தைவிட மோசம். ஊத் வைத்திருப்பவர்களுக்கும் இதே பக்குவம்தான், அதன் குடம் மெல்லிய பட்டிகளை ஒட்டியது என்பதால் பசை விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சக்தி குழுவுக்கு கிராமி கிடைத்தது உண்மையா? (மாணவர், லெ போர்)

பதில்: உண்மை. 'திஸ் மோமென்ட்' இசைத்தட்டுக்கு 2024-இல் கிடைத்தது. மெக்லாக்லின், ஜாகிர் உசேனோடு சங்கர் மகாதேவன், கணேஷ் ராஜகோபாலன், விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். அந்த வருஷக் கடைசியிலேயே ஜாகிர் உசேன் காலமானார்.

கேள்வி: நான் கிட்டார் வாசிப்பவன். ஊத் வாங்க ஆசை. துருக்கி ஊத்தா, அரபு ஊத்தா? (வாசகர், சேன்-லெ)

பதில்: துருக்கி ஊத் கொஞ்சம் சின்னது, தந்தி நீளம் 58.5 செ.மீ. அளவில் இருக்கும், அரபு ஊத் 61 செ.மீ. பக்கம். துருக்கி ஊத்தை உயர்ந்த சுருதியில் சேர்ப்பார்கள், சத்தம் பளிச்சென்று துள்ளும். அரபு ஊத்தில் அடிக்குரல் ஆழம் அதிகம். இரண்டுமே கிட்டாரைவிடச் சின்ன நீளம்தான், விரல் எட்டும். ராக் குழுவோடு வாசிக்க நினைத்தால் துருக்கி ஊத் என்பேன், மற்ற வாத்தியங்களுக்கு நடுவே அது தெளிவாக எழும்பி வரும். தனியாக அல்லது ஒரு பேஸோடு மட்டும் உட்கார ஆசையென்றால் அரபு ஊத். அலங்காரச் சிப்பி வேலைக்காகக் காசு கொடுக்காதீர்கள், பிரடை வழுக்காமல் நிற்கிறதா, கழுத்து நேராக இருக்கிறதா, தந்தி பலகையிலிருந்து அதிக உயரத்தில் இல்லையா என்று பார்த்து வாங்குங்கள். முதல் மாதம் கிட்டார் பிக்கைத் தொடாதீர்கள். ரிஷாவை உள்ளங்கையில் நீளவாக்கில் பிடித்து, மணிக்கட்டால் மேலிருந்து கீழே விழவிட்டுப் பழகுங்கள், ஊத்தின் குரல் அந்த விழுகையில்தான் இருக்கிறது.